குத்தகை நிலத்தில் எழுந்த குரல்கள்: இணையப் பயனர்களும் ஊடக, மென்பொருள் நிறுவனங்களும் – புதுக்கோட்டையை முன்வைத்து

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து இயங்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் சேனல் அதுதான். 2018இல் தொடங்கிய சேனல் அது. மூன்று ஆண்டுகளில் அந்த உயரம். ஒளிபரப்பு உரிமம் இல்லை, படப்பிடிப்புத் தளம் இல்லை, விளம்பரப் பிரிவு இல்லை. பெரியதம்பி என்ற முதியவரும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டுகிறார்கள். அம்மியில் மசாலா அரைபடுகிறது. ஒவ்வொரு பொருளும் சட்டியில் விழும்போது அதன் பெயர் உரக்க ஒலிக்கிறது. வெந்ததை இலையில் பரிமாறி ஊராரையும் முதியோரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். இவ்வளவுதான் நிகழ்ச்சி.

இதைப் பார்த்து இரண்டு முடிவுக்கு வரலாம். பெரிய ஊடக நிறுவனங்களின் பிடி தளர்ந்துவிட்டது என்பது ஒன்று. பிடி தளரவில்லை, கைமாறியிருக்கிறது என்பது மற்றொன்று. ஊடகத்தையும் மென்பொருளையும் பயன்படுத்துகிறவர்கள், அவற்றைச் செய்து விற்கும் நிறுவனங்களை அசைக்க முடியுமா, அசைத்தால் அந்த இடம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்க அனுபவத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றைப் புதுக்கோட்டை போன்ற ஒரு மாவட்டத்தின் தரையில் நிறுத்திப் பார்த்தால் எவை தாங்கும், எவை சரியும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையத்துக்கு முந்தைய ஒரு முன்கதை

1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சென்னையைப் போன்ற பெரிய பதிப்பு மையமாக அது இருந்ததில்லை. ஆயினும் 1940களிலும் 50களிலும் இந்தச் சிறு நகரத்திலிருந்து இதழ்கள் வரிசையாக வந்தன. அவற்றில் சிறுவர் இதழ்கள் கணிசமானவை. கண்ணதாசன் பதின்ம வயதில் ஆசிரியப் பொறுப்பேற்ற 'திருமகள்' இங்கிருந்து வந்ததுதான்.

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது 'பொன்னி'. முருகு சுப்பிரமணியனும் அரு. பெரியண்ணனும் 1947இல் புதுக்கோட்டையில் தொடங்கிய இதழ் அது. 'பாரதிதாசன் பரம்பரை' என்ற வரிசையில் அதுவரை பெயர் அறியப்படாத இளைஞர்களைக் கவிஞர்களாக ஒவ்வொருவராக அறிமுகம் செய்தது. முடியரசன் போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். சென்னையின் பெரிய வார இதழ்களில் நுழைய வழி இல்லாத ஒரு தலைமுறைக்கு, வாசகராக இருந்துகொண்டே எழுத்தாளராகும் வாய்ப்பை 'பொன்னி' கொடுத்தது. இன்று 'பயனரே படைப்பாளி' என்று சொல்லப்படுவதன் சாரம் இதுவே.

ஆனால் அச்சு இதழுக்குத் தாள் வேண்டும், அச்சகம் வேண்டும், ஊர் ஊராக ஏஜென்ட் வேண்டும், விற்ற பணம் திரும்பி வர வேண்டும். 1950களின் நடுவில் 'பொன்னி' நின்றுபோனது. முருகு சுப்பிரமணியன் பின்னாளில் கடல் கடந்து மலேசியாவின் 'தமிழ் நேசன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழும் 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது. சிறு இதழை நிறுத்தியது காசுத் தட்டுப்பாடு. பெரிய நாளிதழைச் சாய்த்ததில் வாசகர் திரைக்கு மாறிப்போனதற்கும் பங்கு உண்டு எனலாம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் உள்ள அறுபத்துச் சொச்ச ஆண்டுகளில்தான் நம் கேள்வி உருக்கொண்டது.

வாயில் திறந்துவிட்டது என்போர்

முதல் விடை நம்பிக்கை மிகுந்தது. யோக்காய் பெங்க்லர் 2006இல் வெளியிட்ட 'தி வெல்த் ஆஃப் நெட்வொர்க்ஸ்' அதன் முதன்மை நூல். அச்சு இயந்திரமும் ஒளிபரப்புக் கோபுரமும் விலை உயர்ந்தவையாக இருந்த காலத்தில் பேசும் உரிமை முதலாளியிடம் இருந்தது; கணினியும் இணைய இணைப்பும் மக்கள் கையில் வந்ததும் அந்த அடிப்படையே மாறிவிட்டது என்பது அவர் வாதம். சம்பளமோ கட்டளையோ இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் கூடி உருவாக்கும் விக்கிப்பீடியாவையும் லினக்ஸையும் அவர் சான்றாக வைத்தார்.

தமிழில் இதற்குச் சான்றுகள் குறைவில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் அடித்தளத்தைப் பெரும்பாலும் தனி ஒருவராக இட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் மயூரநாதன். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து சேர்த்தது. புதுக்கோட்டையில் நா. முத்துநிலவன் உள்ளிட்ட ஆசிரியர்கள் கணினித் தமிழ்ச் சங்கம் அமைத்து, ஆசிரியர்களுக்கும் இலக்கிய ஆர்வலர்களுக்கும் வலைப்பதிவு தொடங்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று பல ஊர்களின் தமிழ் வலைப்பதிவர்கள் புதுக்கோட்டையில் கூடிய திருவிழாவையும் அந்தச் சங்கமே நடத்தியது. தமிழ் இணையக் கல்விக் கழகத்துடன் சேர்ந்து போட்டிகளும் அறிவித்தார்கள். அரசு ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் ஓய்வு நேரத்தில், எந்த ஊடக நிறுவனத்தின் தயவும் இல்லாமல் செய்த வேலை அது. அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது சான்று நெடுவாசல். பொருளாதார விவகாரங்களுக்கான மத்திய அமைச்சரவைக் குழு 2017 பிப்ரவரி 15 அன்று ஹைட்ரோகார்பன் எடுக்க 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அதில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலும் இருந்தது. மறுநாளே ஊர் கூடியது. சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்கான போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். வாட்ஸ்ஆப்பிலும் ஃபேஸ்புக்கிலும் நெடுவாசல் என்ற பெயர் சில நாட்களில் தமிழகம் முழுக்கப் பரவியது. நாடியம்மன் கோயில் திடலுக்கு வெளியூர் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு மாவட்டச் செய்தி மாநிலச் செய்தியாவதற்கு ஆசிரியர் குழுவின் அனுமதி தேவைப்படாத தருணம் அது என்று இந்தத் தரப்பினர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

முழு உண்மை அல்ல. திடலில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்தவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகளும் பெண்களும். நல்லாண்டார்கொல்லையிலும் வடகாட்டிலும் முன்பே தோண்டப்பட்டிருந்த எண்ணெய்க் கிணறுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். போராட்டத்தைத் தாங்கியது ஊர்க்கூட்டமும் அன்றாடம் சமைத்துப் போட்ட கைகளும்தான். இணையம் அந்தக் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோனது. தொலைக்காட்சி நேரலை அதை மேலும் பெருக்கியது. பலமுறை பகிரப்பட்ட ஒரு காணொளி அரசைப் பணியவைத்தது என்று எழுதுவது வரலாற்றைச் சுருக்குவதாகும். 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டு, திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி உள்ளிட்ட புதுக்கோட்டை ஒன்றியங்கள் ஐந்து அதில் சேர்க்கப்பட்டதற்குப் பல ஆண்டு விவசாயிகள் இயக்கத்தின் அழுத்தமும் காரணம்.

நம்பிக்கைத் தரப்புக்கு மிகக் கூர்மையான மறுப்பைச் சொன்னவர் மேத்யூ ஹிண்ட்மேன். 'தி மித் ஆஃப் டிஜிட்டல் டெமாக்ரசி' என்ற நூலில் அவர் கேட்டது எளிய கேள்வி: எல்லோரும் பேசலாம், சரி, யார் பேச்சு கேட்கப்படுகிறது? இணைப்புகளும் பார்வைகளும் மிகச் சிலரிடமே குவிகின்றன என்று அவர் காட்டினார். அவர் ஆராய்ந்தது அமெரிக்க அரசியல் தளங்களை. தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் தமிழ்ச் சேனல்கள் பெருகிக் கிடக்கும் நிலையில், நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவதைப் பார்க்கும்போது அவர் கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது.

நேற்றைய கலகம், இன்றைய நிறுவனம்

இரண்டாவது தரப்பு இதை ஒரு சுழற்சியாகப் பார்க்கிறது. டிம் வூ 2010இல் எழுதிய 'தி மாஸ்டர் ஸ்விட்ச்' தொலைபேசி, வானொலி, சினிமா எல்லாமே ஆர்வலர்களின் கையில் திறந்த துறையாகத் தொடங்கிப் பின்பு ஓரிரு நிறுவனங்களின் கோட்டைக்குள் அடைபட்டதைச் சொல்கிறது. இணையத்துக்கும் அதுவே நேரலாம் என்பது அவர் எச்சரிக்கை.

தமிழ் ஊடக வரலாறு இதற்குப் பாதி ஆதரவு தருகிறது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி', படித்தவர்களின் நடையில் எழுதிய நாளிதழ்களுக்கு எதிரான கலகமாகவே பிறந்தது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும்படியான தமிழ் அது. சன் குழுமமும் 1990இல் 'பூமாலை' என்ற வீடியோ கேசட் இதழில் தொடங்கி, 1993 ஏப்ரல் 14 அன்று தொலைக்காட்சியாகி, தூர்தர்ஷனின் தனியாட்சியை உடைத்தது. செயற்கைக்கோளும் கேபிளும் அன்றைய புதுத் தொழில்நுட்பம். தெருவுக்குத் தெரு கம்பி இழுத்த கேபிள்காரர்கள் அன்றைய கலகக்காரர்கள். இன்று யூடியூபர்கள் எதிர்த்து நிற்பதாகச் சொல்லப்படும் நிறுவனங்கள் இவைதாம்.

ஆனால் இந்த நிறுவனங்கள் வீழ்ந்துவிடவில்லை. எல்லாப் பெரிய தமிழ்த் தொலைக்காட்சிகளும் யூடியூபில் கடை போட்டிருக்கின்றன. நாளிதழ்கள் செய்தியைக் காணொளித் துண்டாக நறுக்கித் தருகின்றன. அவை புதிய ஆட்களைத் தங்கள் பக்கம் இழுக்கவும் செய்கின்றன. வில்லேஜ் குக்கிங் குழு 2022இல் 'விக்ரம்' திரைப்படத்தில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ராகுல் காந்தி அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்ட காணொளி தேர்தல் காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. சினிமாவும் அரசியலும் கிராமத்துச் சேனலைத் தேடி வந்தன. அது சேனலின் வெற்றி. அதே நேரம், சினிமாவும் கட்சியும் தங்கள் இடத்தை இழக்காமலே புதிய மேடையில் ஏறிக்கொண்டன என்பதும் உண்மை.

சுழற்சிக் கோட்பாட்டின் குறை, அது ஒரு விதியைப் போலப் பேசுவது. எல்லாமே கடைசியில் மூடிக்கொள்ளும் என்றால், எது எவ்வளவு காலம் திறந்திருந்தது, யார் திறந்துவைத்தார்கள் என்ற வேறுபாடுகள் மறைந்துபோகும். அந்த வேறுபாடுகளே முக்கியம் என்பதற்குத் தமிழ்க் கணிமையைவிடச் சிறந்த சான்று இல்லை.

எழுத்துருவுக்கு விடுதலை: தமிழ்க் கணிமை

ஊடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மென்பொருளைத் தனியே விட்டுவிடுகிறார்கள். அது பிழை என்று நினைக்கிறேன். எழுத்து கணினியில் எப்படி உட்காருகிறது என்பதுதான் யார் எழுதலாம் என்பதை முதலில் முடிவு செய்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால், அந்தத் தமிழ் அந்தக் கடைக்குள் மட்டுமே தமிழாக இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஶ்ரீலிபியில் அடித்ததை வானவில்லில் படிக்க முடியாது. வானவில்லில் அடித்ததைப் பாமினியில் படிக்க முடியாது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும். கணினியின் நினைவில் அங்கே தமிழ் இல்லை; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருந்தார்கள். அரசு அலுவலகக் கடிதம், பள்ளி வினாத்தாள், கவிதைத் தொகுப்பு எல்லாம் இப்படியே கிடந்தன. தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, இன்னோர் ஊருக்கு அனுப்பினால் எழுத்துருவையும் கூடவே அனுப்ப வேண்டும். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ஆயிரம் பக்கம் அடித்தவர் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேற முடியாது. நிறுவனங்களுக்கு அது வசதியான பூட்டு.

அந்தப் பூட்டை உடைத்தவர்கள் பெரும்பாலும் பயனர்களே. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார்; 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்வித்து இணையத்தில் வைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாக விவாதித்துத் 'திஸ்கி' என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியேற்றமான யுனிகோடு பரவத் தொடங்கியதும் முகுந்தராஜின் இ-கலப்பையும் விசுவநாதனின் அழகியும் வீட்டுக் கணினிகளில் தமிழை உட்காரவைத்தன. வலைப்பதிவர் அலை இந்தக் கலப்பை உழுத நிலத்தில் முளைத்தது.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்திலிருந்து வருகிற மூன்றாவது தரப்பு இங்கேதான் வலுப்பெறுகிறது. நிறுவனத்தை எதிர்ப்பது என்றால் அதைவிட உரக்கப் பேசுவது அல்ல. எல்லோருக்கும் உடைமையான பொருள் ஒன்றைச் செய்து வைத்துவிடுவது என்கிறது அந்தத் தரப்பு. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் அதையடுத்து வந்த கட்டற்ற தமிழ் மின்னூல் முயற்சியும் அந்த வழியில் வந்தவை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை விக்கிமூலத்தில் ஏற்றிய கூட்டு முயற்சியையும் இதோடு சேர்க்கலாம்.

இந்தத் தரப்புக்கும் குறைகள் உண்டு. யுனிகோடு சேர்த்தியத்தில் வாக்குரிமை பெற்ற உறுப்பினர்களில் முன்வரிசையில் இருப்பவை மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்களே. நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால்தான் அந்தப் பொது நிலம் பொதுவாயிற்று. மேலும் தன்னார்வலர் களைத்துப்போவார். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓய்ந்தபோது அந்த முற்றத்துக் கூட்டம் ஃபேஸ்புக்குக்கு நகர்ந்துவிட்டது. பொது முற்றத்தை யாரும் திரும்பக் கட்டவில்லை.

பயனர்களின் எதிர்ப்பில் பேசத் தயங்கும் இன்னொரு வகையும் உண்டு: திருட்டு நகல். சிறு நகர டி.டி.பி. கடைகள் பலவற்றில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் உரிமம் இல்லாத நகல்களாகவே ஓடின என்பது அந்தத் தொழிலில் உள்ளோர் அறிந்ததே. மேலோட்டமாகப் பார்த்தால் இது நிறுவனங்களுக்கு இழப்பு. ஆனால் பில் கேட்ஸ் 1998இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்கள் மென்பொருளையே திருடட்டும், பழகிய பிறகு காசு வாங்கும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்ற பொருளில் சொன்னார். விலையில்லாமல் பழகிய கை வேறு மென்பொருளுக்கு மாறாது. திருட்டு நகல் நிறுவனத்தை எதிர்த்ததா, அதற்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததா என்பது இன்றும் தீராத கேள்வி. என் மதிப்பீட்டில், தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் கடைத்தெருவுக்கு இறங்காமல் போனதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

பட்டா யார் பெயரில்?

நான்காவது தரப்பு மேடைகளைப் பற்றியது. நிக் சர்னிசெக் 'பிளாட்ஃபார்ம் கேப்பிடலிசம்' நூலிலும், ஷோஷானா ஜூபாஃப் 2019இல் வெளிவந்த கண்காணிப்பு முதலாளியம் பற்றிய நூலிலும் வெவ்வேறு கோணங்களில் சொல்வது இது: பழைய நிறுவனங்களைப் பயனர் வென்றதாகத் தோன்றும் இடங்களில், அந்தப் பயனரையே விளைபொருளாக்கும் புதிய நிறுவனம் நிற்கிறது.

புதுக்கோட்டையின் மொழியில் சொன்னால், இது குத்தகை. உழுவது நீங்கள், விதைப்பது நீங்கள், விளைச்சலில் பங்கும் உண்டு. யூடியூபின் நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு. வாரச் சாகுபடியோடு ஒப்பிட்டால் அது மோசமான பங்கு அல்ல. 'பொன்னி' காலத்து இதழாளர் அப்படியொரு வரவைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் பட்டா உங்கள் பெயரில் இல்லை. எந்த வயலுக்கு இன்று தண்ணீர் திறப்பது என்பதை முடிவு செய்யும் மடை, பரிந்துரை நெறிமுறையாக நிறுவனத்திடம் இருக்கிறது. ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் பங்கு என்ற விதி 2018 தொடக்கத்தில் வந்தது. அதற்குக் கீழே இருந்த சிறு சேனல்களின் வரவு ஒரே அறிவிப்பில் நின்றது. காப்புரிமைப் புகார் மூன்று, தொண்ணூறு நாட்களுக்குள் விழுந்தால் சேனலே பறிபோகலாம். அந்தப் புகாரைப் பழைய ஊடக நிறுவனங்கள் தங்கள் ஆயுதமாகப் பயன்படுத்தவும் முடியும்.

வெளியேற்றம் எப்படி இருக்கும் என்பதை 2020 ஜூன் 29 காட்டியது. மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்த அன்று டிக்டாக்கும் போனது. ஆடியும் பாடியும் நடித்தும் லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்த கிராமத்து இளைஞர்களும் பெண்களும் ஒரே இரவில் பார்வையாளர்களை இழந்தார்கள். தடைக்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தின் தகுதி வேறு விவாதம். குத்தகைதாரரிடம் யாரும் கேட்கவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இந்தத் தரப்பிலும் ஒரு மிகை இருக்கிறது. படைப்பாளியை வெறும் ஏமாளியாக அது சித்திரிக்கிறது. சின்னவீரமங்கலத்துக் குழு தங்கள் சேனல் வழி வந்த பணத்திலிருந்து 2021இல் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. நகரத்துக்கோ வளைகுடாவுக்கோ போகாமல் சொந்த ஊரில் தலைநிமிர்ந்து வாழ ஒரு வழி கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பியே பழகிய ஒரு மாவட்டத்தில் இதைச் சுரண்டல் என்ற ஒரே சொல்லால் முடித்துவிட முடியாது.

அரசு என்ற மூன்றாவது கை

பயனர் ஒருபுறம், நிறுவனம் மறுபுறம் என்று இருவர் ஆட்டமாக எழுதுவது பெரும்பாலான நூல்களின் பழக்கம். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க ஊக்கம் தந்தார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் சைக்கிளில் போனதை பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். தொழில்நுட்பம் மனிதர் கையில் சேர்வது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. சைக்கிளுக்குக் கணக்கு திறக்க வேண்டியதில்லை. ஓட்டக் கற்றவளிடமிருந்து அந்தத் திறனை யாரும் திரும்பப் பெற முடியாது. கைப்பேசி அப்படிப்பட்ட கருவியா என்பது திறந்த கேள்வி. வீட்டில் அது யார் கையில் இருக்கிறது என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி.

மென்பொருளிலும் அரசின் கை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸைக் கொண்டுபோக முனைந்தார். மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் முதலில் ஸ்டார் ஆபீஸையும், 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஓபன் ஆபீஸையும் கற்பித்தது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது இந்தியாவில் உருவான 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி துறைகளுக்கு அறிவுரை போனது. 2010இல் யுனிகோடு அரசின் அதிகாரபூர்வத் தரமானது. ஆயினும் ஓபன் ஆபீஸ் படித்த மாணவி வேலைக்குப் போகும் கடையில் மைக்ரோசாஃப்ட் வேர்டுதான் காத்திருக்கிறது. பாடநூலால் சந்தையை மாற்ற முடியவில்லை.

கட்டுப்படுத்தும் கையும் அதே அரசின் கைதான். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தித் தளங்களையும் அரசின் வரம்புக்குள் கொண்டுவந்தன. 2025 பிப்ரவரியில், நூறாண்டை நெருங்கியிருந்த விகடனின் இணையதளமே ஒரு கேலிச்சித்திரத்துக்காக முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே திறந்தது. பழைய ஊடகம், புதிய ஊடகம் என்ற வேறுபாடு அந்த இடத்தில் பொருளற்றுப் போனது. மறுபுறம், ஆண்ட்ராய்டு தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எந்தப் பயனர் குழுவும் கூகுளை அந்த அளவுக்கு வழிக்குக் கொண்டுவந்ததில்லை.

தீராத கேள்விகள்

நான்கு தரப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், புதுக்கோட்டைச் சான்றுகள் ஒரு மிதமான முடிவுக்கு இடம் தருகின்றன. பயனர்கள் பேசும் உரிமையைப் பெருமளவு வென்றிருக்கிறார்கள். ஆனால் அந்த வெற்றி நிலைத்த இடங்கள் எல்லாம், செய்து முடித்ததைப் பொதுவில் விட்ட இடங்கள்: குறியேற்றம், விசைப்பலகை, தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல். பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் சேர்த்த இடங்களில் வெற்றி பெரிதாகவும் உறுதியற்றதாகவும் இருக்கிறது. இது தமிழ் அனுபவத்திலிருந்து வரும் முடிவு. பிற மொழிகளுக்கும் பொருந்துமா என்பதை ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

உள்ளூர்ச் செய்தியை இனி யார் சேகரிப்பார் என்பது தெளிவாகவில்லை. ராபின் ஜெஃப்ரி இந்திய நாளிதழ்களைப் பற்றி 2000இல் எழுதியபோது, வட்டார நிருபரும் உள்ளூர்ப் பதிப்புமே அவற்றின் வளர்ச்சிக்கு வேர் என்று கண்டார். அந்த நிருபரின் வேலையை வாட்ஸ்ஆப் குழு ஓரளவு செய்கிறது. ஆனால் ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கோப்பைப் பார்த்து, எதிர்த்தரப்பையும் கேட்டு எழுதும் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிக்கு உயிர் இல்லாமல் ஊர்கள் நாள்கணக்கில் கிடந்தபோது, கையில் இருக்கும் மேடை எவ்வளவு எளிதில் இல்லாமல் போகும் என்பதும் தெரிந்தது.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கேள்வியை மேலும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓபன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தன் செய்திகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது அதன் வாதம். வழக்குத் தொடுக்க வசதி உள்ள நிறுவனத்துக்கு ஒரு வழி இருக்கிறது. மதுரைத் திட்டத்துக்காக இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவருக்கும், தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதியவருக்கும், வலைப்பதிவில் பாடம் நடத்திய புதுக்கோட்டை ஆசிரியருக்கும் அப்படி ஒரு வழி இல்லை. அவர்கள் எல்லோருக்கும் என்று விட்டதில் நிறுவனமும் அடக்கமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தம் சொந்தச் சேமிப்பில் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளும், நின்றுபோன சிற்றிதழ்களும் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. அவற்றை மின்வடிவாக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது, தாள் பொடிந்துகொண்டிருக்கிறது. மின்வடிவான பிறகு அந்தக் கோப்புகள் யார் வழங்கியில் இருக்கும், எந்த உரிமத்தில் வெளிவரும், ஒரு மாணவர் படிப்பதற்கும் ஒரு நிறுவனத்தின் இயந்திரம் படிப்பதற்கும் ஒரே விதி போதுமா என்பதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.